ஒருநாள் அக்கா

ஜெயந்தியின் மகளைப் புகுந்த வீட்டுக்கு வண்டி ஏற்றி அனுப்பியாகிவிட்டது. மண்டபத்தைக் காலி செய்ய இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் மாடியில், மணமகள் அறையில், உதிர்ந்த மல்லிகைக்கு நடுவே பாயை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்தோம். மூன்று பேருக்கும் முழங்கால் வலி. ஒரு காலத்தில் இதே கால்களோடுதான் கள்ளக்குறிச்சிப் பெண்கள் பள்ளிக்காகக் கோகோ விளையாடினோம் என்று சொன்னால் எங்கள் பிள்ளைகளே நம்புவதில்லை.

ஜெயந்தி கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து படித்தவள். அவளுக்கு வாய் அப்போதும் நிற்காது, இப்போதும் நிற்காது. செல்வி அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆளில்லை. இப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். நான் தியாகதுருகத்தில் பள்ளி ஆசிரியை. நாங்கள் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

யார் யாரைக் கட்டினார்கள், யாருக்குப் பேரப்பிள்ளை என்றெல்லாம் பேசி முடித்த பிறகு ஜெயந்தி கேட்டாள், “ஏன்டி, ரோடு மறியல் அன்னிக்கி நம்ம நடந்து வந்தமே, நெனப்பு இருக்குதா? வழி முச்சூடும் வேர்க்கடல துன்னுக்கினே வந்தமே.”

அவளுக்கு அந்த நாள் என்றால் வேர்க்கடலை. எனக்கு அந்த நாள் என்றால் அக்கா. ஒரே ஒரு நாள், அதிலும் ஒரு மத்தியானப் பொழுது, எனக்கு ஓர் அக்கா இருந்தாள். செல்விதான் அது. அதை நான் எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

அப்போது நாங்கள் பத்தாவது படித்தோம். உளுந்தூர்பேட்டையில் நடந்த போட்டிக்கு எங்கள் அணியை டிரில் டீச்சர் கூட்டிக்கொண்டு போனார். அவர் தெற்கத்திக்காரர். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து விவரங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. எங்கள் பேச்சே அவருக்குப் பாதி புரியாது. இறுதி ஆட்டம் இருட்டும்வரை இழுத்து, கடைசியில் தோற்று, இரண்டாம் பரிசுக் கோப்பையோடு அங்கேயே பள்ளிக்கூடத்தில் படுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

அந்த வாரம் மறியல் என்று எல்லோருக்கும் தெரியும். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சனங்கள் சாலையில் உட்காரப் போகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேச்சு. என் வீட்டில் அது சோற்றோடு சேர்ந்து பரிமாறப்பட்ட பேச்சு, ஏனென்றால் என் மாமாவும் அதில் இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர்கள் ஊரில் முதலில் பி.ஏ. முடித்தவர் அவர்தான். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அந்தப் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே அவர் மீசை அடர்த்தியாகிவிட்டது. கரும்பு வெட்டுக்குப் போகும்போதுகூடச் சட்டையை மடிப்புக் கலையாமல் கழற்றி வரப்பில் வைப்பவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பாவிடம் வாதம் செய்வார். “தாலுக்கா ஆபீஸுல ஒரு நாற்காலியில நம்ம ஆளு உக்காந்துக்கினு இருக்கானா, சொல்லுங்க பாக்கலாம். வரி கட்டப் போறப்ப மட்டும் நம்மள தெரியுது.” அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். அம்மா மட்டும், “நீ சொல்றது ஞாயந்தான்டா. அதுக்குன்னு நீ முன்னாடி போய் நிக்காத. தை மாசம் கல்யாணம்” என்பாள்.

கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமாவுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் அம்மாதான் அந்த இடத்தில் நின்று எல்லாம் பேசினாள். பெண்ணின் அப்பா தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் சாலையோர ஊர் ஒன்றில் பெரிய கரும்புக்காரர். நல்ல உயரம், வெள்ளை மீசை, சத்தம் போடாமல் பேசுவார். தாம்பூலம் மாற்ற எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, “ஒண்ணே ஒண்ணாம்மா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஆமாம் என்றதும், “அப்ப செல்லம் ஜாஸ்தியா இருக்கும்” என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். வந்தவர்களில் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசியவர் அவர் மட்டும்தான் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நாங்கள் ஏறிய பஸ் எறையூர்ப் பக்கம் தாண்டி கொஞ்ச தூரத்தில் நின்றது. சாலைக்குக் குறுக்கே புளியமரம் ஒன்று விழுந்து கிடந்தது. காற்றில் விழுந்தது அல்ல, அறுத்துச் சாய்த்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “இனிமே வண்டி போவாதுங்க. இங்க ஒண்ணு இல்ல, வழி பூரா சாச்சிட்டானுங்களாம்” என்று காக்கிச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் திரும்பிப் போகலாமா என்று கேட்டார். பின்னாடியும் மரம் விழுந்திருக்கும் என்றார்கள்.

எங்களுக்கு அது கொண்டாட்டம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் முடியும் பயணம் ஒரு நாள் முழுக்க நீளப்போகிறது. பாடம் இல்லை. வீட்டு வேலை இல்லை. வண்டி ஓடாத நெடுஞ்சாலையில் நடுவில் நடக்கலாம், குறுக்கே ஓடலாம். ஜெயந்தி வெள்ளைக்கோட்டின் மேலேயே ஒற்றைக் காலில் நொண்டி அடித்துக்கொண்டு வந்தாள். மேற்கே தூரத்தில் கல்வராயன் மலை தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தால் ஊர் வந்துவிடும் என்று டீச்சருக்கு நாங்கள் தைரியம் சொன்னோம்.

முதலில் குறுக்கிட்ட மறியல்காரர்கள் எங்களைச் சிரித்துக்கொண்டே வரவேற்றார்கள். மரத்தடியில் பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். “வெளையாடப் போன புள்ளைங்களா? செயிச்சிங்களா?” என்று கேட்டுக் கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றினார்கள். ஒருவர், வேர்க்கடலை பிடுங்கிப் போட்டிருந்த தன் நிலத்தைக் காட்டி, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜெயந்தியின் வேர்க்கடலை அங்கேதான் தொடங்குகிறது. பாவாடையில் கட்டிக்கொண்டு நடந்தோம். இதற்குப் போய் அம்மா பயந்தாளே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

உச்சி வெயில் தாண்டியிருக்கும். எதிரே ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேன்கள் காலியாகத் தொங்கின. டீச்சரைப் பார்த்ததும் நின்று எங்கள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பிறகு டீச்சரைத் தள்ளிக் கூப்பிட்டுப் பேசினார். அவர் குரலைத் தாழ்த்தியும் எனக்குக் கேட்டது.

“அடுத்த ஊர்ல கொஞ்சம் கோவமா இருக்காங்கம்மா. முந்தாநாளு காலனிக்காரனுங்களுக்கும் இவனுங்களுக்கும் தகராறு. ரெண்டு பக்கமும் அடி. கூரை எரிஞ்சிதுன்னு வேற சொல்றாங்க. வர்றவங்கள எந்தத் தெரு, யாரு வூடுன்னு கேட்டுத்தான் விடறானுங்க. புள்ளைங்களப் பாத்துக் கூட்டிக்கினு போங்க.”

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. எந்தத் தெருவாக இருந்தால் என்ன என்று கேட்டார். பால்காரர் கையை விரித்துவிட்டுப் போனார். டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார். அவருடைய பார்வை செல்வியிடம் போய் நின்றது. எங்கள் எல்லோரின் பார்வையும் அங்கேதான் போனது. எங்கள் அணியில் காலனியிலிருந்து வருபவள் அவள் ஒருத்திதான். செல்வி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் செருப்பில் எதுவும் அறுந்திருக்கவில்லை.

“அந்த ஊர்ல யாருக்காவது சொந்தக்காரங்க உண்டா?” என்று டீச்சர் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தால் தூக்குவது போல. “எங்க மாமாவுக்குப் பொண்ணு எடுக்கற ஊரு டீச்சர். மாமாவும் அங்கதான் மறியல்ல இருக்காரு.”

டீச்சர் யோசித்தார். பிறகு செல்வியையும் என்னையும் அருகில் இழுத்து, “செல்வி உன் அக்கா. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். ரெண்டு பேரும் கையை விடாம நடக்கணும்” என்றார். மற்றவர்களிடமும், “கேட்டுச்சா? வேற ஒண்ணும் வாயத் திறக்கப்படாது” என்றார். ஜெயந்தி உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. தனிப்பிள்ளையாக வளர்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். அக்கா வேண்டும் என்று அம்மாவிடம் அழுது, அது இனிமேல் முடியாது என்று அவள் விளக்கிய பிறகும் அடங்காமல் அழுதவள் நான். உயரமாய், வேகமாய் ஓடுகிற அக்கா கேட்காமலே கிடைத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

“நம்ம அப்பா பேரு இன்னா, சொல்லு. நம்ம தெரு? நம்ம கொலசாமி? மாமா ஊரு?”

அவள் ஒரு முறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொன்னாள். கணக்கில் திணறுகிறவள் இதில் என்னைவிடக் கெட்டியாக இருந்தாள். மாட்டைப் பற்றிச் சொல்ல வந்தேன். “அது தெரியும். செவல. இடது கொம்பு வளைஞ்சிருக்கும்” என்றாள். பாடப் புத்தகம் வாங்க இரண்டொரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டு போவாள். பிறகு அவளாகவே கேட்டாள், “உள்ளப் போனா அடுப்பங்கரை எந்தப் பக்கம்? சாமி படம் எங்க இருக்கும்?” அதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான் சிரித்தேன். கேட்டாலும் கேட்பார்கள், சொல் என்றாள். சொன்னேன். அவள் ஏன் மாட்டை அறிந்திருந்தாள், ஏன் அடுப்பங்கரையை அறிந்திருக்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஊர் எல்லையில் விழுந்து கிடந்த மரம் நாங்கள் பார்த்ததிலேயே பெரியது. அடிமரம் ஒரு பக்கப் பள்ளத்திலிருந்து பாதிச் சாலைவரை கிடந்தது. கிளைகள் மீதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சுற்று ஊர்க்காரர்கள் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். இங்கே கூழ் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒருவன் நெற்றியில் துணி கட்டியிருந்தான், அதில் ரத்தம் காய்ந்திருந்தது. அடிமரத்தின் மேல் துண்டை விரித்துப்போட்டு மாமாவின் வருங்கால மாமனார் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி மாமா நின்றிருந்தார். சட்டை அழுக்காகியிருந்தது. மாமா சட்டை அழுக்காகி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“மாமா!” என்று கத்திவிட்டேன்.

மாமா திரும்பினார். என்னைப் பார்த்ததும் வந்த சிரிப்பு, என் கையைப் பிடித்திருந்தவளைப் பார்த்ததும் பாதியில் நின்றது. அவருக்குச் செல்வியைத் தெரியும். பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தபோது, நன்றாக ஓடுகிறது யார் வீட்டுப் பெண் என்று கேட்டிருக்கிறார், நான் சொல்லியிருக்கிறேன்.

நெற்றியில் துணி கட்டியவன் எங்களை வரிசையாக நிற்கச் சொன்னான். டீச்சர், பள்ளிக்கூடப் பிள்ளைகளை இப்படி நிறுத்தக் கூடாது என்று சொல்லத் தொடங்கினார். அவர் பேச்சைக் கேட்டு அவன், “நீங்க எந்த ஊரு டீச்சர்? நீங்க சும்மா இருங்க” என்றான். ஒவ்வொருத்தியாகக் கேட்டான். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர் என்ன. ஜெயந்தி பயத்தில் அப்பா பேரோடு தாத்தா பேரையும் சேர்த்துச் சொன்னாள்.

எங்கள் முறை வந்தது. “இதுங்க ரெண்டும் யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா வந்துவிட்டார். என் தோளில் ஒரு கையும் செல்வியின் தோளில் ஒரு கையும் வைத்தார். “எங்க அக்கா பொண்ணுங்க. ரெண்டும்” என்றார்.

துணி கட்டியவன் செல்வியை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்கு எதுவோ உறுத்தியது. மாமாவைக் கேட்காமல் மரத்தில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பினான். “இன்னாங்க, உங்க சம்மந்தி வூட்டுப் புள்ளைங்களாமே. உங்களுக்குத் தெரியாததா? நீங்க சொல்லுங்க.”

அவர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். ‘ஒண்ணே ஒண்ணாம்மா’ என்று கேட்ட அதே முகம். பிறகு செல்வியைப் பார்த்தார். கடைசியில் மாமாவைப் பார்த்தார், அந்தப் பார்வை நீண்ட நேரம் இருந்தது. மாமா தரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தபடி நின்றார். என் தோளில் இருந்த அவர் விரல்கள் மட்டும் அழுந்தின.

“தெரியும்” என்றார் பெரியவர். “வுடு. போவட்டும்.”

எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. வயதாகிவிட்டது, பாவம், நான் ஒரே பெண் என்று அம்மா சொன்னதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாரே என்று சிரிப்பும் வந்தது. அதை அங்கேயே கேட்டுவிடக் கூடியவள்தான் நான். மாமாவின் விரல்கள் இன்னும் அழுந்திக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

மரத்தைத் தாண்டக் கிளைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. அவர் எழுந்து வந்து, குறுக்கே இருந்த கிளை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தோம். செல்வி கடைசி. அவள் நுழையும்போது அவர் தலையைச் சாய்த்து அவளிடம் எதுவோ சொன்னார். மறுபக்கம் வந்ததும் என்னடி சொன்னார் என்று கேட்டேன்.

“முள்ளு இருக்குது, பாத்துப் போன்னாரு” என்றாள்.

புளியமரத்தில் ஏது முள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செல்வி என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, யாரையும் திரும்பிப் பார்க்காமல், எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். இரண்டு பக்கமும் நின்றவர்கள் வழி விட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அக்காவாக ஆனதில் அவளுக்கு இத்தனை பெருமையா என்று எனக்கும் பெருமையாகிவிட்டது.

மாமா எங்களோடு கள்ளக்குறிச்சிவரை நடந்து வந்தார். கோப்பையை அவர்தான் தூக்கி வந்தார். வழியில் இன்னும் மரங்கள் கிடந்தன, ஆனால் மாமாவை அறிந்தவர்கள் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன், மாமா அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். பொழுது சாயும் நேரத்தில் காலனிக்குத் திரும்பும் பாதைக்கு வந்தபோது, செல்வியின் அப்பாவும் இன்னும் சிலரும் அங்கே நின்றிருந்தார்கள். காலையிலிருந்தே நின்றிருப்பார்கள் போல. மாமாவைப் பார்த்ததும் அவள் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மாமா முகத்தைத் திருப்பி வந்த வழியைப் பார்த்தார்.  செல்வி அப்பாவிடம் போனாள். போய்ட்டு வரேன்டி தங்கச்சி என்று சொல்வாள் என நான் காத்திருந்தேன், சொல்லவில்லை.

கச்சிராயபாளையத்துக்குப் பஸ் இல்லாததால் ஜெயந்தி எங்கள் வீட்டில் தங்கினாள். வாசலில் நின்ற அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும், நான் அன்றைய பெரிய செய்தியைச் சொன்னேன். “அம்மா, இன்னிக்கி எனக்கு ஒரு அக்கா. மாமாதான் சொன்னாரு, ரெண்டும் எங்க அக்கா பொண்ணுங்கன்னு. அந்தத் தாத்தா அப்படியே நம்பிட்டாரு.”

அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள். “யார் முன்னாடிடா சொன்ன?”

மாமா சொன்னார்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, “கை கழுவிக்கினு வா. சோறு போடறேன்” என்றாள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரியாது.

தை மாதம் கல்யாணம் நடக்கவில்லை. ஜாதகத்தில் ஏதோ குறை என்று பெண் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பொருந்தியிருக்கிறது என்று சொன்ன அதே ஜாதகம் எப்படிப் பிறகு பொருந்தாமல் போனது என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அவள் கழுவி வைத்த சாமானையே எடுத்து மறுபடி கழுவினாள். புதுப் பாவாடை தாவணி போச்சே என்று சில நாள் வருத்தப்பட்டேன். அந்தப் பெண்ணை வேறு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆயிற்று.

ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. விடுமுறைக்கு என்னை சைக்கிளில் உட்காரவைத்து மாமா தன் ஊருக்குக் கூட்டிப்போவார். அந்தக் கரும்புக்காரர் வீடு சாலையோரம் இருந்தது. அதைத் தாண்டும் இடத்தில் மட்டும் மாமா சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறுவார். அங்கே மேடுகூட இல்லை. பெண் கொடுக்க மறுத்த வீட்டுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். “அவுரு நல்ல மனுசன் பாப்பா” என்றார் மாமா. 

அவர்கள் கேட்ட இட ஒதுக்கீடு சில வருஷம் கழித்து வந்தது. அதில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. மாமாவுக்கு அதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது. என்னைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான், அன்றைக்கு மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கடைசிவரை விவசாயம்தான் பார்த்தார். அவர் போய் மூன்று நான்கு வருஷம் ஆகிறது.

இதையெல்லாம் நான் மண்டபத்து மாடியில் சொல்லி முடித்தேன். மாமா செய்த தந்திரத்தை வழக்கம்போலச் சிரிப்பு வரும்படிதான் சொன்னேன். தாத்தா ஏமாந்த இடத்தில் ஜெயந்தியும் வழக்கம்போலச் சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. பாயில் உதிர்ந்து கிடந்த மல்லிகையைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுரு ஏமாறலடி” என்றாள்.

“தெரியும்” என்றேன். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பெரியவளான பிறகு, எந்த வயதில் என்று சொல்ல முடியாது, ஒரு நாள் தானாகத் தெரிந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்களை விட்டதும் தெரிந்துதான், கல்யாணத்தை நிறுத்தியதும் தெரிந்துதான். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை என்னால் இன்றுவரை ஒரு இடத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததில்லை. மாமாவால் முடிந்திருக்கிறது.

“இல்ல, உனக்கு முழுசாத் தெரியாது” என்றாள் செல்வி. “கெளைய தூக்கிப் புடிச்சிக்கினு எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு இல்ல? முள்ளு இருக்குதுன்னா சொன்னாரு?”

ஜெயந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“‘குனிஞ்சிக்கினு போவாத புள்ள. தலைய நிமித்திப் போ. குனிஞ்சா கண்டுபுடிச்சிடுவானுங்க.’ அதான் சொன்னாரு.”

கீழே யாரோ நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தம் கேட்டது. 

“ஏன்டி எங்கிட்ட அன்னிக்கே சொல்லல?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

“உங்கிட்ட எப்பிடிச் சொல்றது?” என்று செல்வி இப்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. “சொல்லியிருந்தா, எப்பிடி நிமிந்து நடக்கறதுன்னு வழி பூரா எனக்கு நடந்து காட்டிக்கினே வந்திருப்ப.”

ஜெயந்தி வெடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது உண்மைதான், அப்படித்தான் செய்திருப்பேன்.

கீழே இறங்கி வண்டி ஏறி, தியாகதுருகம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவளுக்கு அப்பா பேர், தெருப் பேர், குலசாமி, அடுப்பங்கரை, சாமி படம் என்று என் வீட்டையே ஒப்பிக்க வைத்தேன். எதையும் விட்டுவிடவில்லை என்று நினைத்தேன். நடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. பிறந்ததிலிருந்து நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன், அது எல்லோரும் நடக்கும் நடை என்று நம்பிக்கொண்டு.